தைப் பூவைச் செதுக்கிவிடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பஞ்சாங்கப்படி இளவேனில் சித்திரையில் பிறக்கிறது. தேனீயைக் கேட்டால் மூன்று மாதம் பிந்திச் சொல்கிறீர்கள் என்றுதான் சொல்லும். திருநெல்வேலிச் சீமையில் ஐப்பசி, கார்த்திகை அடைமழை ஓய்ந்து, மார்கழிப் பனி இறங்கி, தை வெயில் சுள்ளென்று ஏறும்போதே தேனீக் குடும்பம் பெருகத் தொடங்கிவிடும். அப்போது அதற்குச் சோறு போடுவது பெரும்பாலும் வரப்பிலும் வாய்க்கால் கரையிலும் தானாக முளைத்துக் கிடக்கும் தும்பையும் பொடுதலையும் வெட்டுக்காயப் பூண்டும்தான். பொங்கலுக்கு முன் ஊரைச் சுத்தம் செய்கிறோம் என்று நாம் முதலில் கை வைப்பதும் அவற்றின் மேல்தான். மண்வெட்டியால் செதுக்கியது போதாதென்று இப்போது கிளைபோசேட் களைக்கொல்லி அடிக்கும் பழக்கமும் பரவியிருக்கிறது. கன்னடியன், கோடகன், பாளையங்கால்வாய் என்று எந்தக் கால்வாயை எடுத்துக்கொண்டாலும் அதன் கரை தேனீக்கு மேய்ச்சல் தரை. அதைத் தை மாதத்தில் மொட்டையடித்தால் என்ன ஆகிறது என்பதற்கு ஒரு நாள் கணக்கு இருக்கிறது.

பெட்டியில் வளர்க்கும் நம் நாட்டு அடுக்குத் தேனீயில் ராணி இட்ட முட்டை, வேலைக்காரத் தேனீயாக அறையை விட்டு வெளிவரச் சுமார் 20 நாள் ஆகும். வெளிவந்ததும் அது பூவுக்குப் போய்விடாது. இன்னும் இரண்டு, மூன்று வாரம் புழுவுக்கு ஊட்டுவது, அடை கட்டுவது, வாசலில் காவல் நிற்பது என்று கூட்டுக்குள்ளேயே வேலை. ஆக, முட்டையிலிருந்து பூவுக்கு 40 நாள். பொங்கலன்று இட்ட முட்டை மாசி பத்துத் தேதி வாக்கில்தான் பறந்து தேன் கொண்டுவரும். மாசி, பங்குனியில் மரங்கள் பூத்துக் குலுங்கும்போது பெட்டியில் ஈ நிறைந்திருக்க வேண்டுமானால், அந்த ஈக்கள் தைப் பூவைத் தின்று வளர்ந்திருக்க வேண்டும். தைப் பூ ஈயைக் கொடுக்கும், பங்குனிப் பூ தேனைக் கொடுக்கும். முதலாவது இல்லாமல் இரண்டாவது வராது.

இதற்குச் சர்க்கரைப் பாகு மாற்றாகாதா என்று சிலர் கேட்கிறார்கள். பாகு, பறக்கச் சக்தி தரும். மழைக்காலப் பட்டினியில் உயிரைப் பிடித்துவைக்கும். புழு வளர்வதற்கு மகரந்தம் வேண்டும். மகரந்த வரத்து நின்றால் ராணி முட்டையிடுவதைக் குறைத்துவிடும், இருக்கும் புழுவையும் ஈக்கள் இழுத்து வெளியே போடும். பெட்டி வாசலில் கவனித்தாலே தெரியும். பின்னங்காலில் மஞ்சளாகவோ வெள்ளையாகவோ உருண்டை ஒட்டிக்கொண்டு பத்து நிமிடத்தில் நாலைந்து ஈ கூட வரவில்லை என்றால், சுற்றுவட்டாரத்தில் மகரந்தம் இல்லை என்று பொருள். பட்டினி கிடக்கும் குடும்பம் நோயையும் தாங்காது. 1991, 1992-இல் தேனீப் புழுக்களைக் கொல்லும் ‘தாய்லாந்து சாக்புரூடு’ வைரஸ் தென்னிந்தியப் பெட்டிகளை வாரிக்கொண்டு போனதைத் தேனீ வளர்ப்போர் இன்னும் மறக்கவில்லை. அதற்குத் தப்பிய குடும்பங்களின் வாரிசுகள்தான் இன்று நம் தோட்டங்களில் இருப்பவை.

கரையைச் சுத்தமே செய்யக் கூடாது என்று சொல்லவில்லை. தண்ணீர் ஓடும் உட்பக்கத்தில் ஆகாயத்தாமரையும் நெய்வேலிக் காட்டாமணக்கும் அடைத்துக் கிடந்தால் எடுத்தே ஆக வேண்டும். கரையின் மேற்பரப்பையும் வெளிச்சரிவையும் மாசி முடியும்வரை விட்டுவையுங்கள். அதற்குள் தும்பை விதை கொட்டிவிடும், அடுத்த ஐப்பசி மழைக்குத் தானே முளைக்கும். நடைபாதை வேண்டுமென்றால் ஒரு முழ அகலத்துக்கு மட்டும் செதுக்கலாம். வயல் வரப்பில் ஒரு பக்கத்தை இந்த மாதமும் மறுபக்கத்தைப் பதினைந்து நாள் கழித்தும் வெட்டினால் பூ ஒரேயடியாக அற்றுப்போகாது. பார்த்தீனியத்துக்கு மட்டும் இந்தச் சலுகை வேண்டாம். பூக்கும் முன்பே வேரோடு பிடுங்கிவிடலாம்.

பொடுதலையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். தரையோடு தரையாகப் படர்ந்து, மிளகு பருமனில் பூங்கொத்து வைக்கும் இந்தக் கொடி, ஈரமுள்ள வாய்க்கால் ஓரத்தில் ஏறக்குறைய ஆண்டு முழுவதும் பூக்கும். மிதித்தாலும் சாகாது, மண் அரிப்பையும் தடுக்கும். கரைக்கு இதைவிடப் பொருத்தமான செடி இல்லை. காசு கொடுத்து அழகுப் புல் வாங்கிப் பதிக்கும் இடங்களில் இதன் தண்டை ஒரு சாண் நீளத்துக்கு நறுக்கி, அடிக்கு ஒன்றாக ஊன்றித் தண்ணீர் விட்டாலே போதும்.

இந்தப் பருவத்தில் வயலில் நிற்கும் பிசான நெல்லுக்கும் இதில் பங்குண்டு. நெற்பூவில் தேன் கிடையாது. ஆனால் மகரந்தம் உண்டு. காலை ஒன்பது மணியிலிருந்து உச்சிக்கு முன்வரை நெல் பூக்கும்போது அடுக்குத் தேனீ கதிர்களில் மகரந்தம் உருட்டும். அதே வாரங்களில்தான் கதிர் நாவாய்ப் பூச்சி வரப்போகிறது என்று காலையிலேயே தெளிப்பானைத் தோளில் மாட்டிவிடுகிறார்கள். அந்தப் பூச்சி பெரிதும் உறிஞ்சுவது பால் பிடிக்கும் கதிரைத்தான். பால் பிடித்தபின் வயலில் பார்த்து, பூச்சி உண்மையிலேயே மிகுந்திருந்தால் மட்டும், மாலை நான்கு மணிக்கு மேல் அடித்தால் தேனீயும் தப்பும், மருந்துச் செலவும் மிஞ்சும். தென்காசி, செங்கோட்டைப் பக்கம் மாந்தோப்பு வைத்திருப்பவர்கள் தத்துப்பூச்சிக்கு இமிடாகுளோபிரிட் அடிப்பதானால், பூங்கொத்து விரல் நீளம் தலைகாட்டும்போதே அடித்து முடித்துவிட வேண்டும். இது செடிக்குள் ஊடுருவும் மருந்து. மலர்ந்தபின் அடித்தால் பூவின் தேனிலும் மகரந்தத்திலும் ஏறிவிடும். அந்தி நேரத்தில் அடித்தாலும் தேனீ தப்பாது.

இனி, என்ன நடலாம், எத்தனை நாளில் பூக்கும் என்பதற்கு வருகிறோம். பத்துத் தொட்டியில் பூச்செடி வைத்தால் தேனீ பிழைத்துவிடும் என்பது நகரத்து நம்பிக்கை. ஒரு குடும்பத்துக்கு வேண்டியது தொட்டிக் கணக்கில் அடங்காது, அது சென்ட் கணக்கு.

மிக விரைவில் பலன் தருவது கொத்தமல்லி. கார்த்திகைக் கடைசியில் ஒரு முறை, மார்கழி நடுவில் ஒரு முறை என்று இரண்டு தவணையாக விதைத்தால் தைக் கடைசியிலிருந்து மாசி முழுவதும் பூ நிற்கும். முதல் தவணையைத் தவறவிட்டவர்களுக்கு இரண்டாவது தவணை இன்னும் கையில் இருக்கிறது. ஒரு சென்ட்டுக்கு 100 கிராம் விதை போதும். விதையைத் தரையில் பரப்பிச் செருப்புக் காலால் தேய்த்து இரண்டாக உடைத்து விதைக்க வேண்டும்; முழு விதையாகப் போட்டால் முளைப்பு தாமதமாகும், கூட்டமாக வரும். மளிகைக் கடை மல்லி பழசாக இருந்தால் முளைக்காது. பிடியளவு ஈரத்துணியில் கட்டிப் பார்த்துவிட்டு விதையுங்கள். கனமழை பாக்கியிருக்கும்போது விதைத்தால் கரிசலில் அழுகிவிடும். இலைக்காகக் கிள்ளத் தொடங்கினால் பூ குறையும், ஆகவே தேனீக்கென்று விட்ட பாத்தியில் அடுக்களைக்காரர்கள் கை வைக்கக் கூடாது (இதுதான் கடினமான பகுதி). பனி மிகுந்தால் அசுவினியும் சாம்பல் நோயும் வரும். அசுவினிக்கு வேப்பெண்ணெய்க் கரைசலை மாலையில் அடிப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கொத்தமல்லி முடியும்போது எள் கை கொடுக்கும். மாசிப் பட்டத்தில் சென்ட்டுக்கு 20 கிராம் விதையை நாலு பங்கு மணலோடு கலந்து தூவி, பதினைந்தாம் நாளில் செடிக்குச் செடி ஓர் அடி விட்டுக் கலைத்துவிட்டால் 35 நாளில், பங்குனியில், பூ வரும். எள்ளுக்குத் தண்ணீர் தேங்கினால் போச்சு. சங்கரன்கோவில் பக்கம் சூரியகாந்தி போடுகிறவர்களுக்குத் தேனீயின் அருமையைச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஈ வராத காட்டில் காலை ஒன்பது முதல் பதினொன்று வரை துணியைக் கையில் சுற்றிக்கொண்டு பூப்பூவாகத் தேய்த்துவிடும் வேலை அவர்களுக்குத் தெரியும். தர்பூசணியும் வெள்ளரியும் இன்னும் கறார். பெண் பூ ஒரே ஒரு காலைதான் விரிந்திருக்கும். அன்று போதிய ஈ வரவில்லை என்றால் பிஞ்சு உதிரும். அரைகுறையாக வந்தால் காய் ஒரு பக்கம் பருத்துக் கோணும்.

முருங்கை அடுத்த படி. செடிமுருங்கையில் பி.கே.எம்.1 ரகம் விதைத்து 90, 100 நாளில் பூக்கத் தொடங்கும். புரட்டாசியில் போட்டால் தைக்குப் பூ. ஒன்றரை அடிக் குழி, குழிக்கு இரண்டு விதை, எட்டடி இடைவெளி. இரண்டரை அடி உயரத்தில் நுனியைக் கிள்ளிவிட்டால் பக்கக் கிளை வெடித்துப் பூ கூடும். ஐப்பசி மழையில் குழி மேட்டுப்பாங்காக இல்லாவிட்டால் வேர் அழுகிவிடும், இங்கே அதிகம் நடக்கும் தவறு இது. வேலிக்குக் கல்யாண முருங்கைப் போத்து ஊன்றலாம், மாசியில் சிவக்கப் பூக்கும். வீட்டு மதிலுக்குக் கொடிரோஸ் (ஆன்டிகோனன்) ஏற்றினால் ஆண்டின் பெரும்பகுதி ஈ மொய்க்கும்.

நீண்ட காலக் கணக்கில் வேம்பு, புங்கு, நாவல், ஆற்றோரமானால் மருதம். புளியங்குடிப் பக்கத்து எலுமிச்சைத் தோட்டங்கள் தை, மாசியில் தரும் தேன் தனி. தென்னை மாதம் ஒரு பாளை விரிப்பதால் மகரந்தம் அற்றுப்போகாமல் காக்கும். பனையில் அலகுப் பனை எனும் ஆண் பனையின் பூவை ஈ நாடும். பதநீருக்குக் கட்டிய பனையில் அந்த வாய்ப்புப் போய்விடும், கலயத்தில் விழுந்து சாகும் ஈக்களும் கொஞ்சமல்ல. கலய வாயைப் பன்னாடையால் மூடிக் கட்டினால் பதநீரும் சுத்தமாக இருக்கும். தெற்கே ஆரல்வாய்மொழி தாண்டிக் குமரி மாவட்ட ரப்பர் தோட்டங்களுக்குப் பெட்டி கொண்டுபோகிறவர்கள் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். ரப்பரில் தேன் சுரப்பது பூவில் அல்ல, இளந்தளிரின் காம்பு நுனியில். அங்கே தேன் உண்டு, மகரந்தம் கிடையாது. தையில் இங்கே நன்றாக மேய்ந்து பெருத்த குடும்பம்தான் அங்கே போய்ச் சம்பாதிக்கும்.

நடக் கூடாதவையும் உண்டு. மஞ்சளாகப் பூத்துக் கிடக்கிறது என்பதற்காக ஆவாரையைத் தேனீச் செடி என்று எண்ணி நடுகிறார்கள். மருந்துக்கும் மண்ணுக்கும் அது அருமையான செடி. ஆனால் அதன் பூவில் தேன் இல்லை, மகரந்தமும் பையின் நுனித் துளை வழியாகத்தான் கொட்டும். உடம்பை அதிரவைத்து அதை உதிர்க்கும் வித்தை கருவண்டு போலிருக்கும் தச்சுத் தேனீக்குத் தெரியும், பெட்டித் தேனீக்குத் தெரியாது. சாலையோர அழகுக்கு நடும் ஆப்பிரிக்கத் துலிப் மரம் இன்னும் மோசம். அதன் பூவுக்குள் கொட்டாத சிறு தேனீயான கொசுத் தேனீக்கள் செத்துக் கிடக்கும். அந்த இடத்தில் இயல்வாகை நட்டால் அழகும் உண்டு, பங்குனியில் மகரந்தமும் உண்டு.

சீமைக் கருவேலத்தைப் பற்றிச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும். குளங்களில் அது ஒழிய வேண்டும் என்பதில் மாற்றுக் கருத்து இல்லை. இருந்தாலும் மாசி, பங்குனியில் வறண்ட நாங்குநேரி, ராதாபுரம் பக்கத்தில் தேனீக்குப் பெரும் தீனி அதுதான் என்பதும் உண்மை. ஒரே கோடையில் குளம் முழுவதையும் வழித்தெடுத்துவிட்டுக் கரையை வெறுமையாக விட்டால் அடுத்த ஆண்டு தேனீ அங்கே இருக்காது. குளத்துக்குள் வெட்டும் அதே பருவத்தில் கரையின் வெளிப்பக்கம் வேம்பும் புங்கும் வைத்துவிட வேண்டும்.

வைக்கும் முறையில்தான் பெரும்பாலும் சறுக்குகிறது. வேப்பங்கொட்டைக்கு முளைப்புத் திறன் இரண்டு, மூன்று வாரம்தான். ஆனி, ஆடியில் உதிரும் பழத்தைப் பொறுக்கி, சதையைக் கழுவி, நிழலில் உலர்த்தி அந்த வாரமே பையில் ஊன்ற வேண்டும். மழை வரட்டும் என்று ஐப்பசிவரை சாக்கில் கட்டி வைத்த கொட்டையைத் தூவிவிட்டு, நட்டோம், முளைக்கவில்லை என்று ஊராட்சிகளில் சொல்கிறார்கள். நாவல் கொட்டைக்கும் இதே நிலைதான். புங்கு மட்டும் பொறுத்துக்கொள்ளும். ஆடியில் பையில் போட்ட வேப்பங்கன்று ஐப்பசி மழைக்கு நடத் தயாராகிவிடும். நூறு நாள் வேலையில் நாற்றங்கால் போடும் ஊராட்சிகள் ஆனி பிறந்ததும் பழம் பொறுக்க ஆள் விட்டால் போதும்.

இப்படிக்கு,
அம்பாசமுத்திரம், கடையம் வட்டாரத் தேனீ வளர்ப்போர்