திருச்சிக்கு எத்தனை மணித்தியாலம்?

ஆசிரியர் அவர்களுக்கு,

எங்கள் ஒழுங்கையில் இருக்கும் ஒரு குடும்பம் போன மாதம் திருச்சிக்குப் போய் வந்தது. பயண முகவர் கொழும்பு வழியாகவே டிக்கெட் போட்டுக் கொடுத்திருக்கிறார். யாழ்ப்பாணத்தின் பலாலி விமான நிலையத்தில் இருந்து நேரே திருச்சிக்கு விமானம் இருப்பது அவர்களுக்குத் தெரியாது. 2025 மார்ச் 30ஆம் திகதி தொடங்கிய சேவை அது. கேட்டபோது எனக்கு மனம் பொறுக்கவில்லை.

நான் ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியை. பலாலிக்கும் திருச்சி விமான நிலையத்துக்கும் இடையே நேர்கோட்டில் ஏறத்தாழ 185 கிலோமீற்றர்தான். யாழ்ப்பாணத்தில் இருந்து கொழும்புக்குத் தரைவழியே 400 கிலோமீற்றர். கொழும்பு விமான நிலையம் இருக்கும் கட்டுநாயக்காவில் இருந்து திருச்சிக்கு இன்னும் 400க்கு மேல். பக்கத்து ஊருக்குப் போக, தெற்கே 400 போய் அந்தத் தூரத்தைத் திரும்பவும் வடக்கே பறக்கிறோம்.

2015இல் அக்காவின் கணவர், என் அத்தான், திருச்சியில் காலமானார். செவ்வாய் காலை செய்தி வந்தது. டிக்கெட் எடுத்து, இரவு பஸ்ஸில் கொழும்பு போய், அங்கே ஒரு நாள் காத்திருந்து, நான் அக்கா வீட்டு வாசலில் இறங்கியது வியாழன் மாலை. புதன்கிழமையே தகனம் முடிந்துவிட்டது. அக்கா என்னைக் கண்டதும் "இப்பவோ வாறாய்?" என்று மட்டும் கேட்டார்.

இந்த வருடம் அக்காவுக்கு இடுப்பு எலும்பு முறிந்தது. பலாலி விமானத்தில் போக, காலை பத்தரைக்கு மானிப்பாயில் ஆட்டோ ஏறினேன். மாலை ஆறு மணிக்கு முன் அவர் கட்டிலருகே இருந்தேன்.

டிக்கெட்டில் பறக்கும் நேரம் சுமார் ஒரு மணித்தியாலம் என்று இருக்கும். இந்தச் சேவையில் ஓடும் சிறிய ஏ.டி.ஆர். 72 விமானம் மணிக்கு 500 கிலோமீற்றர் அளவில் பறக்கும். கணக்குப் பார்த்தால் 185 கிலோமீற்றருக்கு அரை மணித்தியாலம்கூடத் தேவையில்லை. ஆனால் விமானம் நகரத் தொடங்கி, ஓடுபாதைக்குப் போய், ஏறி, இறங்கி, தரிப்பிடத்தில் நிற்கும் வரையான முழு நேரத்தையும்தான் எழுதுகிறார்கள். அதற்கு முன் பலாலியில் காத்திருப்பு, பின் திருச்சியில் குடிவரவு வரிசை. அதனால் "ஒரு மணித்தியாலப் பயணம்" என்று நம்பிப் போகிறவர் களைத்துப்போவார். வீட்டில் இருந்து வீட்டுக்கு ஏழரை மணித்தியாலம் என்பதே உண்மைக் கணக்கு. ஆனாலும் இரண்டு நாளோடு வைத்துப் பாருங்கள்!

பலாலி ஓடுபாதையைச் சுற்றியுள்ள சனங்களின் காணிப் பிரச்சினை தனிக் கடிதத்துக்குரியது. அதை நான் மறக்கவில்லை.

சரி, உங்களிடம் ஒரு வேண்டுகோள். பத்திரிகையில் ரயில், பஸ் நேரங்கள் போடும்போது பலாலி விமானங்களின் நேரத்தையும் சேர்த்துப் போடுங்கள். எத்தனை மணிக்கு அங்கே நிற்க வேண்டும் என்பதையும் எழுதுங்கள். கொரோனாவால் 2020 மார்ச்சில் நின்ற சென்னைச் சேவை திரும்பத் தொடங்க 2022 டிசம்பர் ஆகிவிட்டது. ஆள் ஏறாமல் திருச்சிச் சேவையும் நின்றுவிடக் கூடாது. அக்காவுக்கு இப்போது 78 வயது.

ஓய்வுபெற்ற ஆசிரியை,
மானிப்பாய்.