பிரசென்ட்லி என்றால் எப்போது?

அன்புள்ள எஸ்தருக்கு,

இங்கே எல்லாரும் சுகம். அங்கும் அப்படியே என்று உன் தங்கை சொன்னாள். பொங்கலுக்கு முன்னால் வந்த உன் கடிதத்துக்கு, 'சீக்கிரம் விவரமா எழுதுறேன்' என்று ஒரு வரி அனுப்பினேன். இப்போது ஆடி பிறந்துவிட்டது. நீ கோபித்துக்கொண்டது நியாயம்தான்.

போன வாரம் அப்பாவின் டிரங்குப் பெட்டியைத் திறந்தோம். அவர் போய் ஒரு வருஷம் கழித்து, இப்போதுதான் அம்மாவுக்கு மனசு வந்தது. உள்ளே அந்த இங்கிலீஷ் பைபிள் இருந்தது. ஜேம்ஸ் ராஜா காலத்து மொழிபெயர்ப்பு, 1611-இல் வந்தது. மத்தேயு 21-இல் அத்திமரம் பட்டுப்போகிற இடத்தில் 'பிரசென்ட்லி' என்ற சொல்லுக்கு அடியில் பென்சில் கோடு. ஓரத்தில் அப்பாவின் கையெழுத்தில் 'உடனே'.

எனக்குத் திக்கென்றது. பத்து வருஷமாக டியூஷன் பிள்ளைகளுக்கு அந்தச் சொல்லுக்கு 'சற்று நேரத்தில்' என்றுதான் சொல்லிக்கொடுக்கிறேன். நம் தமிழ் வேதாகமத்தை எடுத்துப் பார்த்தேன், அதிலும் 'உடனே'தான். அகராதியைத் தோண்டிய பிறகு புரிந்தது. அப்பா எழுதியதும் சரி, நான் சொன்னதும் சரி. நானூறு வருஷத்தில் சொல்தான் நகர்ந்திருக்கிறது. போதாததற்கு, ஸ்காட்லாந்திலும் அமெரிக்காவிலும் அதற்கு 'இப்போது' என்றும் பொருள்!

அன்றிலிருந்து எனக்கு வேறு வேலை ஓடவில்லை, ஏட்டி. அதே பைபிளில் ஏரோதியாளின் மகள் ஏரோது ராஜாவிடம் யோவான் ஸ்நானகனின் தலையை 'பை அண்ட் பை' கொடு என்கிறாள். இன்றைக்கு அதைப் படித்தால் 'மெதுவாகக் கொடுத்தால் போதும்' என்பது போல இருக்கும். அவள் கேட்டதோ இந்த நிமிஷமே. 'அனான்' என்று ஒரு சொல். அதுவும் ஆதியில் 'உடனடியாக'. ஷேக்ஸ்பியரின் நான்காம் ஹென்றி முதல் பாகத்தில், லண்டன் ஈஸ்ட்சீப் மதுக்கடையில் பிரான்சிஸ் என்று ஒரு பையன். இளவரசர் அவனைப் பேச்சில் பிடித்து வைத்துக்கொள்கிறார். கூட்டாளி உள்ளேயிருந்து கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறார். பையன் 'அனான், அனான், சார்' என்கிறானே தவிர நகரவில்லை. நம் மெஸ் அக்காவின் 'இந்தா வந்துட்டேம்மா' காதில் கேட்கிறதா? இரண்டாவது தடவை ரசம் என்றைக்காவது வந்ததா?

இதிலேதான் விஷயமே இருக்கிறது என்று நினைக்கிறேன். சொன்னவர் வரத் தாமதிக்கிறார். கேட்டவர் அந்தத் தாமதத்தையும் சேர்த்தே அந்தச் சொல்லைக் கேட்கப் பழகிவிடுகிறார். தலைமுறை தலைமுறையாக இது நடந்தால் அகராதியும் என்ன செய்யும்? சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த 'சூன்' கூடப் பழைய ஆங்கிலத்தில் 'உடனே'தானாம்.

அப்பா கடைசி மாதம் போன் பண்ணும்போதெல்லாம், "சீக்கிரம் வரேன்ப்பா" என்றேன். "சரிம்மா" என்பார். எப்போது என்று ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. அவர் காதில் அந்தச் சொல் எந்த அர்த்தத்தில் விழுந்ததோ, எஸ்தர். அதை நினைத்து இரண்டு நாள் தூக்கமில்லை.

இந்தத் தடவை உனக்குத் தேதியே சொல்கிறேன். ஆகஸ்ட் 14 ராத்திரி ரயில், டிக்கெட் எடுத்தாயிற்று. 15 காலை உன் வீட்டு வாசலில் நிற்பேன். அந்த பைபிளையும் கொண்டுவருகிறேன். வேறு பக்கங்களிலும் பென்சில் கோடுகள் இருக்கின்றன. சேர்ந்து பார்ப்போம்.

உன்
ஜெயா