தாத்தா வழி வந்தது

அன்புள்ள கதிர்,

கீமோ முடிந்து தலையில் முடி முளைக்க ஆரம்பித்துவிட்டது. போனில் நீ கேட்டதை டாக்டரிடம் கேட்டுவிட்டு எழுதுகிறேன்.

என் மரபணு ரிப்போர்ட்டில் உள்ள 185டெல்ஏஜி என்ற பிழை யூதர்களிடம் இருப்பதாயிற்றே, நமக்கு எப்படி வந்தது என்றாய். பிஆர்சிஏ1 என்ற மரபணுவில் இரண்டே இரண்டு டிஎன்ஏ எழுத்து விடுபட்டுப் போயிருக்கிறது, அவ்வளவுதான். அதனால் மார்பகத்திலும் சினைப்பையிலும் புற்றுநோய் வரும் வாய்ப்பு கூடிவிடுகிறது. அஷ்கெனாசி என்னும் ஐரோப்பிய வழி யூதர்களில் ஏறக்குறைய நூற்றில் ஒருவருக்கு இது உண்டு. பிழைக்கு இருபுறமும் உள்ள டிஎன்ஏ வரிசையையும் ஒப்பிடுவார்களாம். அது அவர்களுக்குள் ஒன்றுபோல இருக்கிறது. இராக்கிய யூதர்களிடமும் அதே வரிசைதான். எனவே எப்போதோ வாழ்ந்த ஒரே முன்னோரிடமிருந்து வந்தது என்கிறார்கள். இந்தியக் குடும்பம் ஒன்றில் பார்த்தபோதோ, பிழை அதேதான், சுற்றியுள்ள வரிசை வேறு. இங்கே அது தனியாகவே தோன்றியிருக்கிறது. நமக்கு அந்த ஒப்பீட்டைச் செய்யவில்லை. நம் வீட்டுக்குள் வந்த வழிதான் எனக்கு முக்கியம்.

டாக்டர் ஒரு தாளில் குடும்ப மரம் போட்டார். பெண்ணுக்கு வட்டம், ஆணுக்குச் சதுரம், புற்றுநோய் வந்தவர்களுக்குக் கறுப்பு. நான், உன் சித்தி, வயிற்றில் கட்டி வந்து நாற்பது வயதில் போய்ச் சேர்ந்த என் அத்தை, மூன்று வட்டமும் கறுப்பு. என் அப்பா, அதாவது உன் தாத்தாவின் சதுரம் மட்டும் வெள்ளை. 84 வயது வரை காய்ச்சல் என்றுகூடப் படுக்காத மனிதர். ஆனால் அத்தை அவர் கூடப்பிறந்தவர், எனவே எனக்கும் சித்திக்கும் அவர் வழியாகத்தான் வந்திருக்க வேண்டும்.

அதனால் பொம்பளை வியாதி என்று நீ விட்டுவிடாதே. உனக்கு இருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. இருந்தால் பாப்பாவுக்கும் அதே பாதி. அவளுக்கு இந்த வயதில் சோதனை வேண்டாம். நீ இந்த மாதமே ரத்தம் கொடு. உனக்கு இல்லையென்றால் உன் வழியாக அவளுக்கு வராது.

அப்புறம், சிட்னியில் இருக்கும் உன் மாமா மகள் நித்யா. அவளும் என் பெரியப்பா பேத்திதானே. வரன் பார்க்கிற நேரத்தில் சொல்லாதே என்கிறார்கள். அத்தைக்கு வந்ததையும் இப்படித்தான் மூடி வைத்தார்கள். சித்திக்கு முற்றிய பிறகுதான் தெரிந்தது. நித்யாவுக்கு இருந்தால் வருஷா வருஷம் எம்ஆர்ஐ பார்த்துக்கொள்ளலாம், பிள்ளை பெற்றபின் சினைப்பையை எடுத்துவிடலாம். என்ன செய்வது என்று அவள் முடிவு செய்யட்டும்.

மாமாவிடம் நான் பேசிவிட்டேன், முதலில் அவர் சோதிக்கட்டும். நித்யாவிடம் நீ பேசு. ரிப்போர்ட்டை வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறேன். அந்த ஒரு பிழையை மட்டும் தேடினால் போதும், செலவும் குறைவு.

அன்புடன்,
அம்மா