குழந்தைகளுடன் வருவோரைக் கடைகளும் உணவகங்களும் திருப்பி அனுப்புவதைத் தடுக்கக் கோரும் மூன்றாவது மனு

அனுப்புநர்:
இரண்டு சிறு குழந்தைகளின் தாய்,
கடைவீதிக்குப் பின்புறத் தெரு.

பெறுநர்:
உயர்திரு ஆணையர் அவர்கள்,
நகராட்சி அலுவலகம்.

பொருள்: வணிக இடங்களில் குழந்தைகளுக்கு அனுமதி மறுப்பதை நிறுத்தவும், பாலூட்டவும் துணி மாற்றவும் இடம் ஒதுக்க உத்தரவிடவும் கோருதல் தொடர்பாக.

பார்வை: இதே பொருள் குறித்து நான் நேரில் அளித்த இரண்டு மனுக்கள். இரண்டுக்கும் ஒப்புகைச் சீட்டு கிடைத்தது. பதில் கிடைக்கவில்லை.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். இந்த மனுவையாவது தாங்களே படிக்க வேண்டும் என்று முதலில் வேண்டிக்கொள்கிறேன். முந்தைய இரண்டும் எந்த மேசையில் தங்கிவிட்டன என்று எனக்குத் தெரியாது. தொலைபேசியில் விசாரித்தபோது ஒருமுறை “பரிசீலனையில் இருக்கிறது” என்றார்கள். மறுமுறை, “அது தனியார் இடமாயிற்றே, நாங்கள் என்ன செய்ய முடியும்?” என்று கேட்டுவிட்டு இணைப்பைத் துண்டித்துவிட்டார்கள். எழுத்தில் ஒரு வரிகூட வரவில்லை.

கடைவீதியைப் பற்றித் தங்களுக்கு நான் விவரிக்க வேண்டியதில்லை. பேருந்து நிறுத்தத்திலிருந்து அந்தப் பெரிய வணிக வளாகம் வரைக்கும் எந்தக் கதவு எங்கே இருக்கிறது என்று தாங்கள் அறிவீர்கள். தங்கள் வாகனம் தினமும் அந்த வழியாகத்தான் அலுவலகம் வருகிறது. ஆகவே நேராக என் குறைகளுக்கு வருகிறேன்.

1. வளாகத்தின் மாடியில் உள்ள உணவகத்தின் கண்ணாடிக் கதவில் “10 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு அனுமதியில்லை” என்ற அறிவிப்பு ஒட்டப்பட்டிருக்கிறது. நான் முதல் மனு கொடுத்தபோது அந்த ஓர் இடத்தில்தான் அது இருந்தது. இன்று அதே வரிசையில் மூன்று கதவுகளில் இருக்கிறது. யாரும் கேட்கவில்லை என்பதால் பரவுகிறது.

2. அறிவிப்பு ஒட்டாத இடங்களில் வரவேற்பு இருக்கிறது என்று எண்ணிவிட வேண்டாம். குழந்தையோடு நுழைந்தால் கழிப்பறைக் கதவை ஒட்டிய மேசையைக் காட்டுகிறார்கள். கண்ணெதிரே நான்கு மேசைகள் காலியாக இருக்கும். “முன்பதிவு ஆகிவிட்டது” என்பார்கள். அந்த முன்பதிவுக்காரர்கள் நாங்கள் எழுந்து போகும் வரை வருவதில்லை. துணிக்கடையில் குழந்தை வண்டியை வாசலிலேயே விட்டு வரச் சொல்கிறார்கள். ஒரு கையில் கைக்குழந்தை, மறு கையில் மூன்று வயது மகன். துணியை எந்தக் கையால் எடுத்துப் பார்ப்பது?

3. இந்த மூன்றாவது குறைக்காகத்தான் நான் மனு எழுதவே ஆரம்பித்தேன். முதல் மனுவில் கூச்சப்பட்டு ஒரே வரியில் முடித்துவிட்டேன். இம்முறை நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

என் மகளுக்கு அப்போது மூன்றரை மாதம். தடுப்பூசி போட்டுவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தோம். வரிசை நீண்டதால் அவளுக்குப் பால் கொடுக்கும் நேரம் தாண்டிவிட்டது. ஊசி போட்ட வலி ஒரு பக்கம், பசி ஒரு பக்கம், வீறிட்டு அழுதாள். அறிவிப்பு இல்லாத ஓர் உணவகமாகப் பார்த்து உள்ளே போனேன். எனக்கும் மகனுக்கும் உணவு சொன்னேன். மூலை மேசையில் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்து, துணியால் முழுவதும் மூடிக்கொண்டு பால் கொடுத்தேன். ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது. மேற்பார்வையாளர் வந்து குனிந்து, “மற்ற வாடிக்கையாளர்கள் சங்கடப்படுகிறார்கள், தயவுசெய்து உள்ளே போய்க் கொடுங்கள்” என்றார். உள்ளே என்றால் எங்கே என்று கேட்டேன். கழிப்பறையைக் கைகாட்டினார்.

போனேன் ஐயா. மறுத்துப் பேச அந்த நேரத்தில் எனக்குத் தெம்பு இல்லை.

கழிப்பறை இருக்கையின் மூடியைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்தேன். கதவின் தாழ்ப்பாள் விழவில்லை. ஒரு காலை நீட்டிக் கதவை மிதித்துக்கொண்டேன். தரை ஈரமாக இருந்தது. பையைக் கீழே வைக்க முடியாமல் தோளிலேயே தொங்கவிட்டேன். என் முழங்காலுக்கும் சுவருக்கும் நடுவில் மகன் நின்றான். “எதையும் தொடாதே, எதையும் தொடாதே” என்று அவனிடம் எத்தனை முறை சொன்னேன் என்று கணக்கில்லை. வெளியே யாராவது கை கழுவிவிட்டுக் கை உலர்த்தும் இயந்திரத்தில் கையை நீட்டும்போதெல்லாம் அது ‘ஹோ’ என்று இரைந்தது. ஒவ்வொரு முறையும் மகள் உடல் முழுவதும் தூக்கிப்போட, இரண்டு கைகளையும் விரித்து, மார்பை விட்டுவிட்டு அலறினாள். பால் வடிந்து என் உடை நனைந்தது. அவளைத் தட்டிக்கொடுத்து மறுபடி வாய்வைக்கச் செய்வதற்குள் அடுத்தவர் கை கழுவ வந்துவிடுவார். கதவைத் தட்டி, “இன்னும் எவ்வளவு நேரம்?” என்று ஒருவர் கேட்டார். நான் வாய் திறப்பதற்குள் மகன் பதில் சொன்னான்: “பாப்பா சாப்பிடுகிறாள்.”

வெளியே வந்தபோது எங்கள் மேசையில் வேறு குடும்பம் இருந்தது. தொடாத தட்டுகளை எடுத்துவிட்டிருந்தார்கள். பில் மட்டும் தயாராக இருந்தது. கட்டிவிட்டுத்தான் வந்தேன்.

தாங்கள் கழிப்பறைக்குள் அமர்ந்து உணவு உண்பீர்களா, ஐயா? கேள்வி மரியாதைக் குறைவாகப் பட்டால் மன்னிக்க வேண்டும். என் மகள் அங்கேதான் உண்டாள். தாழ்ப்பாள் இல்லாத கதவுக்குப் பின்னால், அழுதுகொண்டே உண்டாள்.

4. “வீட்டிலேயே பால் கொடுத்துவிட்டு வரக் கூடாதா?” என்று தங்கள் அலுவலகத்திலேயே ஒருவர் கேட்டார். அவருக்கும் சேர்த்து எழுதுகிறேன். பிறந்த குழந்தைக்கு ஒரு நாளில் 8 முதல் 12 முறை பால் கொடுக்க வேண்டும். அதாவது இரண்டு, மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை. பேருந்துக்குக் காத்திருந்து, ஒரு வரிசையில் நின்று, ஒரு வேலையை முடித்துத் திரும்புவதற்குள் அடுத்த வேளை வந்துவிடுகிறது. முதல் 6 மாதங்களுக்குத் தாய்ப்பால் மட்டுமே, தண்ணீர்கூட வேண்டாம்; பிறகு மற்ற உணவோடு 2 வயது வரையிலும் அதற்கு மேலும் தாய்ப்பால் தொடரட்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. அரசாங்கங்களே சுவரொட்டி ஒட்டி அதைத்தான் சொல்கின்றன. சுவரொட்டியைப் படித்து அதன்படி நடக்கும் பெண் இரண்டு ஆண்டுகள் வீட்டை விட்டு வெளியே வரக் கூடாதா? குழந்தையை வாசலில் நிறுத்தினால் தாயும் வாசலில்தான் நிற்பாள். இரண்டு பேருக்கும் சேர்த்துத்தான் அந்தக் கதவு மூடுகிறது.

5. துணி மாற்றவும் இதே பாடுதான். தரையில் கிடத்த முடியாது, மேசையில் கிடத்தினால் முகம் சுளிப்பார்கள். வளாகம் முழுவதிலும் குழந்தையைக் கிடத்தித் துணி மாற்றும் பலகை ஒன்றே ஒன்று, அதுவும் பெண்கள் கழிப்பறையில் இருக்கிறது. என் கணவர் மகளைத் தனியாக அழைத்துச் சென்ற நாளில் மாடிப்படியில் தன் சட்டையைக் கழற்றி விரித்து அதன்மேல் கிடத்தி மாற்றினார். குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் தகப்பன்மாரும் இருக்கிறார்கள் என்று கட்டடம் கட்டுகிறவர்களுக்கு யாராவது சொல்ல வேண்டாமா? அமெரிக்காவில் மத்திய அரசுக் கட்டடங்களில் பொதுமக்கள் பயன்படுத்தும் கழிப்பறைகளில், ஆண்கள் பக்கத்திலும் பெண்கள் பக்கத்திலும், இந்தப் பலகை இருக்க வேண்டும் என்று 2016-இலேயே சட்டம் செய்துவிட்டார்கள்.

6. இனி, “தனியார் இடம்” என்ற பதிலுக்கு வருகிறேன். தனியார் இடம்தான். ஆனால் அந்த இடத்துக்கு உரிமம் கொடுப்பது யார்? தீயணைப்புக் கருவி எங்கே தொங்க வேண்டும், அவசர வழி எத்தனை அகலம் இருக்க வேண்டும், கழிவுநீர் எங்கே போக வேண்டும் என்றெல்லாம் அதே தனியார் இடத்துக்குள் நுழைந்து பார்த்துத்தானே கையெழுத்து இடுகிறீர்கள்? அப்போது வராத தயக்கம் ஒரு பலகைக்கும் ஒரு நாற்காலிக்கும் மட்டும் ஏன் வருகிறது?

வேறு நாடுகளில் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லியிருக்கிறார்கள். தென்கொரியாவில் இத்தகைய ‘குழந்தைகளுக்கு அனுமதியில்லை’ அறிவிப்புகள் பெருகியபோது, 13 வயதுக்குட்பட்டவர்களைத் திருப்பி அனுப்பிய ஓர் உணவகத்தைப் பற்றி அந்நாட்டின் தேசிய மனித உரிமை ஆணையத்திடம் புகார் போனது. அது பாகுபாடுதான் என்று 2017-இல் ஆணையம் சொன்னது. பிரிட்டனில் 2010-ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டப்படி, பாலூட்டுகிறாள் என்பதற்காக ஒரு பெண்ணைக் கடையோ உணவகமோ மோசமாக நடத்துவது சட்டத்துக்குப் புறம்பான பாகுபாடு; எனக்குச் சொன்னதைப் போல அங்கே “உள்ளே போங்கள்” என்று சொல்ல முடியாது. சத்தத்தைப் பற்றிப் பேசுகிறவர்களுக்கு ஜெர்மனியைச் சொல்லலாம். குழந்தைகள் காப்பகங்களிலிருந்தும் விளையாட்டுத் திடல்களிலிருந்தும் வரும் சத்தத்தைப் பொதுவாகத் தீங்கான இரைச்சலாகக் கொள்ளக் கூடாது என்று 2011-இல் சட்டத்திலேயே எழுதிவைத்தார்கள். 1989-இல் ஐ.நா. பொதுச்சபை ஏற்ற குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 31-ஆவது பிரிவு, ஓய்வும் விளையாட்டும் பண்பாட்டு வாழ்வில் பங்கும் குழந்தையின் உரிமை என்கிறது. 18-ஆவது பிரிவு, பிள்ளை வளர்க்கும் பெற்றோருக்கு அரசு உதவ வேண்டும், அதற்கான வசதிகளை வளர்க்க வேண்டும் என்கிறது. உலகின் மிகப் பெரும்பாலான நாடுகள் அதில் கையெழுத்திட்டு ஏற்றவை.

எதிர்த்தரப்பை நான் மறக்கவில்லை. கொதிக்கும் பாத்திரங்கள் போய்வரும் இடத்தில் குழந்தை ஓடக் கூடாது. ஓடவிடுவது பெற்றோரின் தவறு. மற்றவர்களுக்கும் அமைதியாக உட்கார்ந்து பேச உரிமை உண்டு. மதுக்கூடத்துக்குள் குழந்தையை விடுங்கள் என்று நான் கேட்கவில்லை. என் மகன் ஒருமுறை பக்கத்து மேசையில் தண்ணீரைக் கொட்டிவிட்டான். மன்னிப்புக் கேட்டு நானே துடைத்தேன், அந்த மேசையிலிருந்த முதியவர் அவன் கன்னத்தைத் தட்டிவிட்டுத் தொடர்ந்து சாப்பிட்டார். குறும்பு செய்யும் பிள்ளையை அடக்கச் சொல்லட்டும். கேட்காத பெற்றோரை எழுந்து போகச் சொல்லட்டும், அதிலும் எனக்கு மறுப்பில்லை. ஆனால் பெரியவர்களில் குடித்துவிட்டுக் கத்துகிறவர்கள் இருக்கிறார்கள், தொலைபேசியை ஒலிபெருக்கியில் வைத்துப் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். அதற்காகப் பெரியவர்கள் எல்லோருக்கும் அனுமதியில்லை என்று யாரும் கதவில் ஒட்டியதில்லையே. தவறு செய்தவரை மட்டும்தானே கேட்கிறார்கள்? பிள்ளைகளை மட்டும் தவறு செய்வதற்கு முன்பே, வயதைப் பார்த்துத் தள்ளிவைப்பது எந்த நியாயம்?

7. செலவாகும் என்பார்கள். ஒரு நாற்காலி, அதைச் சுற்றி ஒரு திரை, சுவரில் மடக்கி வைக்கும் பலகை. வாசலில் அலங்கார விளக்குக்குச் செய்த செலவைவிடவா அதிகம்?

8. மூன்று மாதங்களில் இரண்டு மனு.

ஆகவே ஐயா, மீண்டும் பணிந்து கேட்டுக்கொள்கிறேன். வரும் உரிமப் புதுப்பிப்பின்போது, வயதை மட்டும் காட்டிக் குழந்தைகளைத் தடுக்கும் அறிவிப்புகளை அகற்றச் சொல்லுங்கள். ஆபத்து உள்ள இடமென்றால் காரணத்தை எழுதிக் கொடுக்கட்டும், தாங்கள் பார்த்து முடிவு செய்யுங்கள். வளாகம் போன்ற பெரிய இடங்களில் கழிப்பறைக்கு வெளியே பாலூட்ட ஓர் அறையும், சிறிய இடங்களில் திரையிட்ட ஒரு மூலையும் ஒதுக்கச் சொல்லுங்கள். அந்த அறை விருப்பமுள்ளவர்களுக்காக இருக்கட்டும். மேசையிலேயே இருந்து கொடுக்க விரும்பும் தாயை அதற்குள் விரட்டும் சாக்காகிவிடக் கூடாது. துணி மாற்றும் பலகை இரு பக்கக் கழிப்பறைகளிலும் வேண்டும். எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்ய இயலாது என்றால், அந்தப் பலகையையும் நாற்காலியையுமாவது முதலில் செய்யுங்கள். அதுவும் இயலாது என்றால், இயலாது என்றாவது எழுத்தில் சொல்லுங்கள். பதிலே இல்லாமல் இருப்பதைத்தான் தாங்க முடியவில்லை.

இன்னொன்றையும் எழுதாமல் விட மனம் வரவில்லை. இரண்டாவது மனுவைக் கொடுக்கத் தங்கள் அலுவலகத்தில் நான் இரண்டு மணி நேரம் காத்திருந்தேன். நடுவில் மகளுக்குத் துணி மாற்ற வேண்டி வந்தது. இடம் கேட்டேன். ஊழியர் ஒருவர் இரக்கப்பட்டு, பழைய கோப்புகள் கட்டிவைத்த மேசையின் ஓரத்தைத் துடைத்துக் கொடுத்தார். அவருக்கு நன்றி சொல்ல வேண்டும். மகள் கிடந்த இடத்துக்கு ஒரு சாண் தள்ளி, கட்டுப் பிரிக்காத மனுக்கள் இருந்தன. என்னுடைய முதல் மனுவும் அதில் இருந்ததா என்று நான் தேடிப் பார்க்கவில்லை.

இரண்டு ஒப்புகைச் சீட்டுகளின் நகல்களையும் இதோடு இணைத்திருக்கிறேன். பதினைந்து நாட்கள் பார்ப்பேன். பதில் வராவிட்டால் நேரில் வந்து தங்கள் அறை வாசலில் காத்திருப்பேன். இரண்டு பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டுதான் வருவேன். விட்டுவிட்டு வர எனக்கு வேறு ஆள் இல்லை. அன்றைக்கு மகளுக்குப் பசித்தால் எங்கே உட்கார வேண்டும் என்பதையும் முன்கூட்டியே தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(கையொப்பம்)