315-ம் 319-ம் ஒன்றுதான்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு உங்கள் வாகனப் பக்கத்தில், ஹோண்டா சிவிக் டைப் ஆர் காருக்கு ஜப்பானில் 330, நமக்கு மலேசியாவில் 319, அமெரிக்காவில் 315 குதிரைத்திறன் என்று போட்டு, "ஆளுக்கொரு அளவு, இது என்ன நியாயம்?" என்று ஒருவர் பொங்கியிருந்தார். நான் கிள்ளானில் 31 வருடம் பட்டறை நடத்தியவன். இப்போது மகன் பார்த்துக்கொள்கிறான். நான் காலையில் போய், பேப்பர் படித்துவிட்டு, அவன் வேலையில் நாலு குறை சொல்லிவிட்டு வீடு திரும்புவேன். அந்த ஞாயிறன்று குறை சொல்ல உங்கள் பக்கமே கிடைத்தது.

முதலில், அந்த 315-ம் 319-ம் வேறு வேறு இல்லை. ஜெர்மன் கணக்கில் ஒரு குதிரை 735.5 வாட், அதைத்தான் 'பிஎஸ்' என்று போடுகிறார்கள். இங்கிலீஷ் கணக்கில் ஒரு குதிரை 745.7 வாட், அது 'எச்பி'. நமக்கு எழுதியது சின்னக் குதிரையில், அமெரிக்காவுக்கு எழுதியது பெரிய குதிரையில். ஆஸ்திரேலியாவில் குதிரையையே அவிழ்த்து விட்டுவிட்டு 235 கிலோவாட் என்கிறார்கள். பெருக்கிப் பாருங்கள், மூன்றும் ஒரே இடத்தில் வந்து நிற்கும்.

ஜப்பானின் 330 மட்டும் நிஜமாகவே கூடுதல். அங்கே பிரீமியம் பெட்ரோலின் ஆக்டேன், அதாவது தானாக வெடிக்காமல் தாங்கும் அளவு, 96-க்குக் கீழே போகக்கூடாது என்பது விதி. பம்பில் கிடைப்பதோ 100-ஐ ஒட்டியது. நமக்கு 2009-ல் 92 போய் 95 வந்தது. கையில் காசு இருந்தால் 97.

டர்போ என்பது என்ஜின் புகையின் வேகத்தில் சுழலும் சக்கரத்தால் காற்றை அமுக்கி உள்ளே தள்ளும் சாமான். அமுக்கும்போது காற்று சூடாகும். மதியம் 2 மணிக்கு வெளியே 33 டிகிரி என்றால், அந்தக் காற்றை ஆற்றும் இன்டர்கூலர் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் அதற்குக் கீழே ஆற்றித் தராது. சூட்டுக் காற்றோடு ஆக்டேன் குறைந்த பெட்ரோலும் சேர்ந்தால், பிளக் வைத்த நெருப்பு போய்ச் சேருவதற்குள் சிலிண்டர் ஓரத்தில் மிச்சக் கலவை தானே வெடித்துவிடும். நாக்கிங் என்போம். தகர டின்னுக்குள் கோலிக்குண்டு உருட்டுவது போல ஒரு சத்தம். இந்தக் காலத்து வண்டியில் கம்ப்யூட்டர் அதைக் கேட்டதுமே டைமிங்கை, அதாவது பிளக் பொறி வைக்கும் நேரத்தை, பின்னுக்கு இழுத்துவிடும். சக்தி போகும், பிஸ்டன் பிழைக்கும். ஏழாம் தலைமுறை கோல்ஃப் ஆர் ஐரோப்பாவில் 300 பிஎஸ்ஸுடன் வந்தபோது ஆஸ்திரேலியாவுக்கும் தென்னாப்பிரிக்காவுக்கும் 280-தான் கிடைத்தது. வெயில் நாட்டு டியூன்.

"ஜப்பான்காரன் நல்லதைத் தனக்கே வைத்துக்கொள்கிறான்" என்றும் அந்தக் கட்டுரையாளர் எழுதியிருக்கிறார். எங்கள் காலத்தில் கதை தலைகீழ். 1988-ல் ஜப்பானில் சாலை விபத்துச் சாவு 10,000-ஐத் தாண்டியது. மறுவருடத்திலிருந்து கார் கம்பெனிகள் தங்களுக்குள் பேசிவைத்து, உள்ளூரில் 280 பிஎஸ்ஸுக்கு மேல் போகவில்லை. சட்டம் கிடையாது, வாய்ப்பேச்சுதான். 2004-ல் 300 பிஎஸ் ஹோண்டா லெஜண்ட் வந்து அதை உடைத்தது. அதுவரை நிசான் ஸ்கைலைன் ஜிடிஆர் காகிதத்தில் 280. சக்தியை அளக்கும் டைனோ மெஷினில் ஏற்றினால் 300-ஐத் தாண்டும் என்பது பட்டறைக்காரன் எவனுக்கும் தெரியும். டொயோட்டா சுப்ராவில் சாமானே வேறு. அமெரிக்காவுக்குப் போன வண்டியில் 320 குதிரை, நிமிடத்துக்கு 550 சிசி பெட்ரோல் ஊற்றும் இன்ஜெக்டர், டர்போவில் உலோகச் சக்கரம். ஜப்பானில் 440 சிசி, பீங்கான் சக்கரம். பீங்கான் எடை குறைவு, மிதித்ததும் சுழலும். மிதமான பூஸ்ட்டுக்கு, அதாவது டர்போ அமுக்கும் காற்றழுத்தத்துக்கு, அது அருமையான சாமான்.

2001 வாக்கில் ஒரு தம்பி, இப்படிப் பீங்கான் சக்கரம் வைத்த ரீகோன் வண்டி (ஜப்பானிலிருந்து வந்த பழைய வண்டி) ஒன்றை ஓட்டிவந்தார். "அண்ணே, அமெரிக்காக்காரனுக்குக் கொடுத்த பவர் எனக்கும் வேணும்." உள்ளே இருக்கும் சக்கரம் அது இல்லை தம்பி, தாங்காது என்றேன். சிரித்துக்கொண்டே போய், வேறெங்கோ பூஸ்ட்டை ஏற்றிக்கொண்டார். மூன்றாவது வாரம் வண்டி இழுவை லாரியில் வந்தது. டர்போவின் எக்ஸாஸ்ட் பக்கத்தைக் கழற்றி டார்ச் அடித்தால் தண்டு இருக்கிறது, சக்கரத்தைக் காணோம். பைப்பைக் கவிழ்த்துத் தட்டினேன். கறுப்புச் சில்லுகள் சலசலவென்று சிமெண்டுத் தரையில் விழுந்தன. தம்பி குனிந்து ஒன்றை எடுத்து, வெகு நேரம் கையிலேயே வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வெறும் காசுக்காகக் குறைப்பதும் உண்டு, அதை மறைக்கவில்லை. 1990களில் வந்த 3 லிட்டர் பிஎம்டபிள்யூ எம்3 ஐரோப்பாவில் 286 பிஎஸ். அங்கே ஆறு சிலிண்டருக்கும் காற்றை விடும் திராட்டில் தனித்தனி. அமெரிக்காவில் விலையை இறக்க அதையெல்லாம் ஒன்றாக்கி 240 குதிரையோடு விற்றார்கள். அதற்குப் பொங்கினால் நானும் கூடவே வந்து நிற்பேன்.

அடுத்த முறை குதிரைத்திறன் போடும்போது, பிஎஸ்ஸா எச்பியா, எந்த ஆக்டேன் பெட்ரோலுக்கு என்று பக்கத்தில் இரண்டு சொல் சேர்த்துப் போடச் சொல்லுங்கள். அந்தச் சில்லுகள் ஒரு மைலோ டின்னில், பட்டறை மேசைக்கு அடியில் இன்னும் இருக்கின்றன. கட்டுரையாளர் வந்தால் எடுத்துக் காட்டுகிறேன். திங்கட்கிழமை மட்டும் வேண்டாம், அன்றைக்கு எனக்கு டாக்டர்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மெக்கானிக், கிள்ளான்