பெயர் சொல்லாத அந்தக் குரலுக்கு

என் தம்பி நலமாக இருக்கிறான். ஓயாமல் விசாரித்த உங்கள் அனைவருக்கும் முதலில் சொல்ல வேண்டியது இதுதான். நடந்தவை உங்களுக்குத் தெரியும் என்பதால் அவற்றை மீண்டும் எழுதப்போவதில்லை.

தம்பி தன் உயிரை மாய்த்துக்கொள்வானோ என்று அஞ்சி அன்றிரவு தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணை அழைத்தபோது, ஆபத்தில் இருப்பது நானல்லவே, இன்னொருவருக்காக அழைக்கலாமா என்ற தயக்கத்தில் ஒருமுறை இணைப்பைத் துண்டித்துவிட்டேன். மறுபடி அழைத்து அதையே மன்னிப்புக் கேட்பதுபோலச் சொன்னதும், உடனிருப்பவர்களும் அழைக்கலாம் என்றார் எதிர்முனையில் இருந்தவர். தம்பியிடம் நேரடியாகவே கேட்டுவிடுங்கள் என்று அவர் சொன்னபோது, இல்லாத எண்ணத்தை நானே எடுத்துக்கொடுத்ததாகிவிடாதா என்று பதறினேன். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைப்பதில்லை என்று ஆய்வுகள் காட்டியிருப்பதை அவர் பொறுமையாக விளக்கினார். ஆனால் என்னை எழுந்து நிற்க வைத்தது அந்த விளக்கமன்று. "முதலில் என்னிடம் சொல்லிப் பாருங்கள்" என்றார். "உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் உனக்கு இருக்கிறதா?" என்ற கேள்வி முதல்முறை 'உயிரை' என்பதோடு தொண்டையில் நின்றது, அடுத்தமுறை "அப்படி ஏதாவது" என்று மழுப்பினேன். அவர் திருத்தவுமில்லை, அவசரப்படுத்தவுமில்லை. தண்ணீர் குடித்துவிட்டு வாருங்கள், காத்திருக்கிறேன் என்றார். மூன்றாம்முறை முழுவதுமாக வந்தது. யாரிடமும் சொல்லமாட்டேன் என்று மட்டும் அவனுக்கு வாக்குக் கொடுத்துவிடாதீர்கள், தனியே விடாதீர்கள் என்று சொல்லி அனுப்பினார்.

"ஆமாம்" என்று சொல்லத் தம்பிக்கு வெகுநேரம் ஆயிற்று. சொன்னபின் அவன் தோள்கள் தளர்ந்து இறங்கியதைப் பார்த்தேன்.

காரணம் கேளாமல் வந்து கூடத்தில் படுத்துக்கொண்ட நண்பர்களுக்கும், வீட்டிலிருந்த மாத்திரைகளையெல்லாம் தம் பையில் போட்டுக்கொண்டு போன சித்திக்கும், மறுநாளே நேரம் ஒதுக்கிய மருத்துவருக்கும் என் நன்றி. அந்தக் குரலுக்குரியவரின் பெயரைக் கேட்டேன், சொல்ல மறுத்துவிட்டார். இம்மடல் அவர் கண்ணில் படுமா என்பதும் ஐயமே. வாடிய முகத்தைக் கண்டு "எல்லாம் சரியாகிவிடும்" என்று கடந்துபோகும் என் பழைய வழக்கத்தை இனி விட்டுவிடுவேன் என்பதை அவருக்குச் சொல்ல விரும்புகிறேன்.

இதைத் தம்பியிடம் காட்டிவிட்டுத்தான் வெளியிடுகிறேன். ஒரு வரியை எடுத்துவிடச் சொன்னான், எடுத்துவிட்டேன்.