புகார் வந்த புத்தகங்களை என்ன செய்யப் போகிறீர்கள்?

பொது நூலகங்களின் நூல் தேர்வுக் குழுக்களில் இருப்பவர்களுக்கு,

வணக்கம்.

ஒரு புத்தகத்தின் மீது புகார் வருகிறது. அதனுடன் பெரும்பாலும் இரண்டு பக்கங்களின் நகல் இருக்கும். சில வரிகள் சிவப்பு மையால் அடிக்கோடிடப்பட்டிருக்கும். குழு கூடுவதில்லை, தீர்மானம் எதுவும் எழுதப்படுவதில்லை. சில வாரங்களில் புத்தகம் அலமாரியில் இருக்காது. கேட்டால் பைண்டிங்குக்குப் போயிருக்கிறது என்று பதில் வரும். அரசாணை போட்டுத் தடை செய்தாலாவது நீதிமன்றத்துக்குப் போகலாம். பைண்டிங்குக்குப் போன புத்தகத்துக்காக யார் மீது வழக்குத் தொடுப்பது?

சத்தமில்லாமல் நடக்கும் இந்த நீக்கங்களைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

அடிக்கோடிட்ட இரண்டு பக்கங்களை வைத்து ஒரு நூலை எடைபோடக் கூடாது என்பது புதிய நியாயமல்ல. ஜேம்ஸ் ஜாய்ஸின் ‘யுலிசிஸ்’ அமெரிக்காவுக்குள் வரலாமா என்ற வழக்கில், நீதிபதி ஜான் வுல்சி அந்த நாவலை முழுவதும் படித்தார். அரசு ஆட்சேபித்த பகுதிகளைத் திரும்பத் திரும்பப் படித்தார். அதன் பிறகே 1933இல் அது ஆபாச நூல் அல்ல என்று தீர்ப்பெழுதினார். 1960இல் டி.எச். லாரன்ஸின் ‘லேடி சாட்டர்லியின் காதலன்’ நாவலுக்காகப் பெங்குவின் நிறுவனம் மீது லண்டனில் வழக்கு நடந்தது. ஜூரிகளை நீதிமன்றத்திலேயே ஓர் அறையில் உட்காரவைத்து, நாவலைப் படிக்கச் சொல்லிவிட்டுத்தான் சாட்சிகளை விசாரித்தார்கள். உங்கள் மனைவியோ வேலைக்காரர்களோ படிக்கலாம் என்று நீங்கள் விரும்பும் புத்தகமா இது என்று அவர்களைக் கேட்டார் அரசு வழக்கறிஞர். கேட்டுக்கொண்டிருந்த ஜூரிகளில் மூன்று பேர் பெண்கள்! நிறுவனம் விடுதலையானது.

அந்தக் கேள்விக்கு இன்னும் ஆயுள் முடியவில்லை. இதைப் படித்து நான் கெட்டுப்போனேன் என்று புகார்தாரர் யாரும் சொல்வதில்லை. கெட்டுப்போகப் போகிறவர் எப்போதும் வேறு யாரோ: பெண்கள், மாணவர்கள், விவரம் போதாதவர்கள்.

தன் பிள்ளை எதைப் படிக்கலாம் என்று முடிவு செய்யும் உரிமை பெற்றோருக்கு உண்டு. வயதுக்கேற்ப அலமாரி பிரிப்பதும் நூலகருக்குத் தெரிந்த வேலைதான். ஆனால் அடுத்த வீட்டுப் பிள்ளைக்கும், அந்தப் பிள்ளையின் பாட்டனுக்கும் சேர்த்து முடிவெடுக்கும் அதிகாரத்தை யார் கொடுத்தது? கடையில் வாங்கிப் படிக்கட்டுமே என்பார்கள். வாங்க முடியாதவர்தானே நூலகத்துக்கு வருகிறார்.

எனக்கு அருவருப்பூட்டும் நூல்களும் உங்களிடம் இருக்கின்றன. ஒரு சாராரை இழிவுபடுத்துவதற்கென்றே எழுதப்பட்டவை. அவற்றையும் எடுக்கச் சொல்லமாட்டேன். அவற்றை மறுத்து எழுத நினைப்பவனுக்கு முதலில் அவை படிக்கக் கிடைக்க வேண்டும்.

நீக்கினால் காரணத்தை எழுதி வையுங்கள் என்பது என் முக்கியமான கோரிக்கை. சல்மான் ருஷ்டியின் ‘சாத்தானிக் வெர்சஸ்’ நாவலை இந்தியாவுக்குள் இறக்குமதி செய்ய 1988இல் தடை வந்தது. பல ஆண்டுகள் கழித்து அந்தத் தடையை எதிர்த்து ஒருவர் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனார். தடையைப் பிறப்பித்த அரசு அறிவிக்கையை அதிகாரிகளால் தேடியெடுத்துக் காட்ட முடியவில்லை. அப்படி ஓர் அறிவிக்கை இல்லை என்றே கொள்ள வேண்டியிருக்கிறது என்று 2024இல் நீதிமன்றம் வழக்கை முடித்தது. நாடறிந்த ஒரு தடைக்கே காகிதம் கிடைக்கவில்லை என்றால், வாய்மொழியாகச் சொல்லி நீங்கள் எடுத்துவிடும் புத்தகங்களின் கதி என்ன?

புகார் விசாரணையில் இருக்கும்வரை புத்தகம் அலமாரியிலேயே இருக்கட்டும். குழுவில் உள்ள ஒவ்வொருவரும் அதை முதல் பக்கம் முதல் கடைசிப் பக்கம்வரை படிக்க வேண்டும். நேரமில்லாதவர் வாக்களிக்கவும் வேண்டாம். முடிவையும் காரணத்தையும், கையெழுத்திட்டவர்களின் பெயர்களோடு அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். அதை எதிர்த்து மேல்முறையீடு செய்ய வாசகர்களுக்கு வழி வையுங்கள்.

புகார் படிவத்தில் முதல் கேள்வியாக இந்த நூலை முழுவதும் படித்தீர்களா என்று கேளுங்கள். இல்லை என்று எழுதுகிறவருக்கு அந்தப் புத்தகத்தையே இரவல் கொடுத்து, படித்துவிட்டு வரச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்